பத்தொன்பதைக் கொடுத்து முப்பத்துமூன்றை வாங்கியவன்

1

இந்த பிப்ரவரியோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பதினேழு வருடம் முடிந்தது. விழா எதுவும் இல்லை. அன்று காலை நகராட்சியிலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். தயிர் டப்பாவைத் தப்பான குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறேனாம். இது இரண்டாவது தடவையாம். டப்பாவையும் மூடியையும் கழுவித் தனித்தனியே போட வேண்டுமாம். பதினேழு வருடத்தில் இந்த நாடு என்னைக் கவனித்து, தானாக முன்வந்து எழுதிய கடிதம் இது ஒன்றுதான் என்பதால் பத்திரப்படுத்தி வைத்தேன்.

அப்போதுதான் ஆவடியிலிருந்து இளங்கோவின் செய்தி வந்தது. "மாமே, ட்ரேட் ஒண்ணு போட்டுகீறேன். கண்ண மூடிகினு ஓகே பண்ணிடு."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் திறந்து பார்ப்பதுதான் நடுவரின் வேலை. நான் நடுவர். எதற்கு நடுவர் என்று ஊரிலிருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லிவருகிறேன், உங்களுக்காவது புரியட்டும்.

ஃபேண்டஸி ஃபுட்பால் என்று ஒன்று இருக்கிறது. மைதானத்தில் ஆடுபவர்கள் நிஜமான இங்கிலாந்து ஆட்டக்காரர்கள். அவர்களை எட்டுப் பேர் நாங்கள் காகிதத்தில் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். என் பங்கில் இருப்பவன் கோல் போட்டால் எனக்குப் புள்ளி. பலர் இதை ஒரு வருட விளையாட்டாக ஆடுவார்கள்: மே மாதம் முடிந்தால் எல்லாரையும் கலைத்துவிட்டு ஆகஸ்டில் புதிதாக எடுப்பார்கள். அது பஸ் சிநேகிதம். எங்களுடையது கல்யாணம். ஒருவனை எடுத்துவிட்டால் அவன் ஓய்வு பெறும்வரை நம்மோடுதான், நாமாக இன்னொருவருக்குக் கொடுத்தாலொழிய. ஆகவே பத்தொன்பது வயதுப் பையன்களை எடுத்து வைத்துக்கொண்டு, தென்னங்கன்று வைத்தவன் போல வருடக்கணக்கில் காத்திருப்போம். இடையில் ஒருவருக்கொருவர் ஆட்களைக் கொடுத்து வாங்குவதற்குப் பெயர் ட்ரேட். அது நியாயமா என்று பார்த்து முத்திரை குத்துவது நான்.

2

எட்டுப் பேரும் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ஒருவனுடைய அப்பா நாகர்கோவில், இன்னொருவனுடைய அப்பா தர்மபுரி, என் அப்பா மன்னார்குடி. வீட்டுக்குள் எட்டுவிதத் தமிழ். வெளியே மைதானத்தில் ஒரே தமிழ், அதுவும் அம்மாக்கள் கேட்கக் கூடாத தமிழ்.

அந்த மைதானத்தில் அணி பிரிக்க உத்தி போடுவோம். ஏறக்குறைய சமமாக ஆடும் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "இட்லியா, பூரியா?" கேப்டன் பூரி என்றால் பூரி அவன் பக்கம், இட்லி எதிர்ப்பக்கம். இதில் ஒரு சட்டநுணுக்கம் உண்டு. நீங்கள் இருவரும் சமம்தானா என்று வேறு யாரும் கேட்க முடியாது. சமம் என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டால் சமம்தான். என்னோடு ஜோடியாக வருவது எப்போதும் இளங்கோ. அவன் பள்ளி அணியில் ஆடியவன். எனக்குப் பந்தைவிடக் கண்ணாடியைக் காப்பாற்றுவதில்தான் கவனம். ஆனாலும் நாங்கள் சமபலம் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது இளங்கோ அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீடு. முரளி ஐயப்பன்தாங்கல் டிப்போவில் மெக்கானிக். சேகர் கணினிக் கம்பெனியில், நசரத்பேட்டையில் ஒன்பதாவது மாடி. மற்ற நால்வரும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். வெளியேறியவன் நான் ஒருவன். இங்கே இங்கிலாந்தின் வடக்கே, ரயில் நிற்கும் ஆனால் யாரும் இறங்காத ஓர் ஊரில், பார்சல் கிடங்கு ஒன்றுக்கு மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். நான் வந்து இரண்டு வருடம் கழித்து இந்த லீக்கை ஆரம்பித்தபோது நடுவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தவன் முரளி.

"தூரத்துல கீறவனுக்குத்தான்டா ஓரவஞ்சன இருக்காது. டீ வாங்கிக் குடுத்து மயக்க முடியாது இல்ல?"

ஜெயிப்பவருக்குப் பரிசு ஓர் எவர்சில்வர் கூஜா. பூந்தமல்லி பாத்திரக் கடையில் வாங்கி, ஒவ்வொரு வருடமும் ஜெயித்தவன் பெயரை அங்கேயே வெட்டுவார்கள். என் பெயர் ஐந்து தடவை இருக்கிறது. இளங்கோவின் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

3

இளங்கோ போட்ட ட்ரேட் இதுதான். அவனிடம் ஒரு பையன் இருந்தான். ஆட்டக்காரர்களுக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் பெயர்களிலேயே சொல்கிறேன்: தொட்டில். பத்தொன்பது வயது, முன்வரிசை, இன்னும் பாதி ஆட்டங்களில் பெஞ்சில் உட்காருபவன். இன்னும் மூன்று வருடத்தில் இந்த நாட்டையே கலக்குவான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனையும், அடுத்த ஆகஸ்டில் புதுமுகங்களை எடுக்கும்போது தனக்கு வர வேண்டிய முதல் வாய்ப்பையும் சேகருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தாத்தாவை வாங்குகிறான். தாத்தாவுக்கு முப்பத்துமூன்று வயது. முழங்கால் இரண்டும் தையல். ஆனால் இந்த வருடம் வாரத்துக்கு ஒரு கோல் போடுகிறார். அடுத்த வருடம் ஆடுவாரா என்பது அவருக்கே தெரியாது.

பார்த்தவுடன் அநியாயம் என்றுதான் தோன்றும். வாசகர் அவசரப்படக் கூடாது. பல வருடம் ஓடும் லீக்கில் ட்ரேடை எடை போடுவது, கத்தரிக்காய் எடை போடுவது மாதிரி இல்லை. மூன்று எட்டணா சேர்ந்தால் ஒன்றரை ரூபாய். மூன்று சுமாரான ஆட்டக்காரன் சேர்ந்தால் மூன்று சுமாரான ஆட்டக்காரன்தான். அதுபோல, இன்றைய கோலுக்கு ஒரு மதிப்பு, நாளைய கோலுக்கு வேறு மதிப்பு, அதுவும் ஆளைப் பொறுத்து. சேகர் கடைசி இடத்தில் இருந்தான். அவனுக்கு இந்த வருடக் கோல்கள் வெறும் அலங்காரம், நாளைதான் வேண்டும். இளங்கோ இரண்டாம் இடம். அவனுக்கு நாளை வேண்டாம், மே மாதம் வரைக்கும் போதும். ஒரே ட்ரேட் இவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகவும் அவனுக்குப் புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம்.

விதிப்புத்தகத்தில் நானே எழுதியிருக்கிறேன்: முட்டாள்தனம் என்பதற்காக எந்த ட்ரேடையும் ரத்து செய்யக் கூடாது. முட்டாளாவது உறுப்பினரின் உரிமை. சதிக்கு மட்டுமே ரத்து. அதாவது ஒருவனை ஜெயிக்க வைக்க வேறு சிலர் கூட்டுச் சேர்ந்து விட்டுக்கொடுப்பது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அப்போது முதலிடத்தில் இருந்தது நான்.

4

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பதினொன்று, அங்கே மாலை நாலரை. டீக்கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். இளங்கோ, முரளி, சேகர் மூன்று பேர் முகமும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துக்கொண்டு தெரிந்தன.

"இன்னா நைனா, அங்க மழையா?" என்றான் முரளி. பதினேழு வருடமாக முதல் கேள்வி இதுதான்.

"ஆமா."

"கேஸ கேளு. தொட்டில தூக்கி இவன் கைல குடுத்துட்டு கெயவன வாங்கிகினு வர்றான். இது ட்ரேடா? இதுக்கு பேரு தானம்."

"யார்றா தானம் குடுத்தா?" என்றான் இளங்கோ. "பதினஞ்சு வருசமா அடுத்த வருசம் பாத்துக்கலாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிகினு கீறேன். என் பொண்ணு கேக்குதுடா, கூஜால உன் பேரு எங்கப்பான்னு. ஒரு தபா. ஒரே ஒரு தபா ஜெயிச்சுக்கிறேன். அப்பால எட்டு வருசம் கடைசில கூட நிக்கிறேன்."

சேகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என் பக்கத்திலே தப்பு ஒண்ணுமில்லே. அவன் கேட்டான், நான் கொடுத்தேன்," என்றான்.

"நீ வாய மூடு, ஒம்பதாவது மாடி. தொட்டில் உனக்கு வர வேண்டிய ஆளா? அது வேற ஒருத்தருக்குன்னு…" முரளி சட்டென்று நிறுத்தினான். இளங்கோ அவனை முறைத்த மாதிரி இருந்தது. சேகர் டீ ஆர்டர் செய்யத் திரும்பினான்.

"யாருக்குன்னு?" என்றேன்.

"யாருக்குமில்ல. நீ தீர்ப்ப சொல்லு."

மூன்று நாள் அவகாசம் கேட்டேன். இந்த ஊரில் பதினேழு வருடம் இருந்ததில் கற்ற ஒரே நிர்வாகத் திறமை அவகாசம் கேட்பது. இங்கே என் அலுவலகத்தில் யாருக்கும் யாருடைய கருத்திலும் உடன்பாடு கிடையாது. ஆனால் எல்லாரும் 'ஃபேர் இனஃப்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்கள். நியாயம்தான் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு முதல் இரண்டு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

5

என் மகள் யாழினி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்று வயதில் என் தோளில் தூங்கியபடி இந்த நாட்டுக்கு வந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவளோடு ஒரே மேஜையில் உட்கார என்ன காரணம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு இளங்கோவின் ட்ரேட் தெய்வமாக வந்தது. உதவி கேட்டேன். ஆச்சரியமாக, ஒப்புக்கொண்டாள்.

லீக்கின் எல்லா ட்ரேடுகளையும் கேட்டாள். பதினைந்து வருடம், நூற்றுச் சொச்சம். வயது, அதற்கு முந்தைய இரண்டு வருடப் புள்ளிகள், ஆடிய நிமிடங்கள், எந்த இடத்தில் ஆடுபவன், இரண்டு அணிகளும் அன்று எந்த இடத்தில் இருந்தன, எல்லாவற்றையும் போட்டுத் தட்டினாள். ஒரு நிபந்தனையும் வைத்தாள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அன்றைய ட்ரேடை அளக்க வேண்டும். பின்னால் ஒருவன் காலை உடைத்துக்கொண்டான், இன்னொருவன் நட்சத்திரமானான் என்பதெல்லாம் கணக்கில் வராது. என் மகள் என்று பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு சமையலறைக்கு வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"அப்பா, இளங்கோ மாமா ட்ரேட் ஓகே. கொஞ்சம் சரிஞ்சிருக்கு, ஆனா ஓகே."

"நல்லது."

"ஆனா இந்த லீக்ல அநியாயம் ட்ரேட் பதினொண்ணு இருக்கு. ரொம்ப ரொம்ப அநியாயம்."

"யாரு பண்ணது? முரளியா?"

"நீங்க."

பதினொன்றும் நான் வாங்கியவை. வருடத்துக்கு ஒன்று. தண்ணி டேங்க் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டை ஆட்டக்காரன், இன்று என் அணியின் முதுகெலும்பு, ஆறு வருடத்துக்கு முன் இளங்கோவிடமிருந்து எனக்கு வந்தவன். பதிலுக்கு நான் கொடுத்தது உபரியாக இருந்த ஒரு கோல்கீப்பர். அன்று என் பேரம் பேசும் திறமையை மனைவியிடம் விளக்கி அவளுடைய டி.வி. தொடரைக் கெடுத்தது நினைவிருக்கிறது.

"அதிர்ஷ்டமா இருக்கலாம்மா."

"அதிர்ஷ்டம்னா ரெண்டு பக்கமும் போகும் அப்பா. இது ஒரு பக்கம் மட்டும் போகுது. அதுவும் ஒவ்வொரு வருஷமும் வேற வேற மாமா." திரையை என் பக்கம் திருப்பினாள். "அவங்க ஏமாறல. குடுத்திருக்காங்க."

நான் ஒரு தரப்பாக இருக்கும் ட்ரேடுகளுக்கு மட்டும் மற்ற ஆறு பேர் ஓட்டுப் போடுவார்கள். என் ட்ரேடுகள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறும். என் நேர்மைக்கு இருக்கும் மரியாதை என்று நான் அதற்கு அர்த்தம் சொல்லி வைத்திருந்தேன்.

6

மறுநாள் மதிய இடைவேளையில் கிடங்கின் பின்புறம் நின்று இளங்கோவைக் கூப்பிட்டேன். அவன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். பின்னணியில் மிக்ஸி ஓடியது.

"பதினொரு ட்ரேட்," என்றேன்.



"யாரு சொன்னா? முரளி வாய வுட்டானா?"

"யாழினி கண்டுபுடிச்சா."

"பாப்பாவா? பலே." அவன் குரலில் நிஜமான சந்தோஷம். "சரி, கேட்டுட்ட. சொல்றேன். கோச்சுக்காத. லீக்கு ஆரம்பிச்சு மூணாவது வருசம் நீ குரூப்ல பேசுறதையே நிறுத்திட்ட. இன்னாடா ஆச்சுன்னா ஒண்ணுமில்லம்ப. போன் போட்டா எடுக்க மாட்ட. ரெண்டு மாசம். அங்க இன்னா கஷ்டம்னு எங்களுக்கு இன்னா தெரியும்? அப்ப நான் சும்மாங்காட்டியும் ஒரு நல்ல ஆள உன்னாண்ட ட்ரேடுக்கு போட்டேன். அன்னிக்கே போன் பண்ண. ஒரு மணி நேரம் பேசுன மாமே! அவன எங்க ஆட வெக்கலாம், எப்டி ஆட வெக்கலாம்னு. பத்து நாளு குரூப்ல உன் ராஜ்ஜியம்தான். அப்பதான் சேகரு சொன்னான், இவனுக்கு ஆள குடுத்தா பேசுறான்டான்னு."

"அதுக்காக?"

"அப்பால மொற வெச்சோம். வருசத்துக்கு ஒருத்தன். போன வருசம் முரளி மொற. அழுதுகினே குடுத்தான்."

அந்த மூன்றாவது வருடக் குளிர்காலம் எனக்கு நினைவிருந்தது. வேலை போய், விசா தாள்கள் உள்துறை அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்த காலம். யாரிடமும் சொல்லவில்லை. சமாளித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

வேறெதுவும் தோன்றாமல் கணக்கைக் கேட்டேன். "மூணாவது வருஷத்திலேர்ந்து போன வருஷம் வரைக்கும் பன்னெண்டு இல்ல வரணும்? ஒரு வருஷம் யாரும் குடுக்கலையே?"

"அந்த வருசம் நீ ஊருக்கு வந்துட்ட இல்ல? ஒரு மாசம் எங்க கூடவே இருந்த. தேவப்படல."

கிடங்கிலிருந்து ஒருவன் வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக உள்ளே போய்விட்டான்.

"இந்த வருஷம் யார் முறை?"

மிக்ஸி நின்றுவிட்டது.

"என்னுது. தொட்டில் உனக்குத்தான்னு பேசி வெச்சது. முரளி அதான் காண்டா கீறான். மாமே, இந்த ஒரு வருசம் எனக்கே ஜெயிக்கணும்னு தோணிச்சு. தப்புதான். வேணான்னா சொல்லு, ட்ரேட வாபஸ் வாங்கிக்கிறேன்."

அன்று சாயங்காலமே முத்திரை குத்தினேன். தாத்தா இளங்கோவுக்குப் போனார்.

7

கூடவே குழுவில் ஓர் அறிவிப்பும் வெளியிட்டேன். விதிப்புத்தகத்தின் ஏழாவது விதிப்படி, ஒருவனை ஜெயிக்க வைக்கக் கூட்டுச் சேர்ந்து செய்த பதினொரு ட்ரேடுகளும் சதி. அவற்றை ரத்து செய்கிறேன். என் ஐந்து பட்டங்களையும் ரத்து செய்கிறேன்.

சேகர் இரண்டு வரியில் பதில் எழுதினான். நான்காவது விதிப்படி, தன் சொந்த விவகாரத்தில் நடுவர் தீர்ப்பு சொல்ல முடியாது. அதை எழுதியதும் நான்தான்.

முரளி ஒரு குரல் செய்தி அனுப்பினான். "கூஜால வெட்டுன பேர எப்டி நைனா அழிப்ப? ஓட்ட வுயும்."

சரி, பழையதை விடுவோம், இனி நடப்பதையாவது சமன் செய்வோம் என்று நான் ஒரு ட்ரேட் போட்டேன். என் தண்ணி டேங்க் இளங்கோவுக்கு. பதிலுக்கு அவனிடம் இருக்கும் உபரி கோல்கீப்பர். அவன் ரோஷப்படுவான், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பேச்செல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் சம்மதம் தெரிவித்துவிட்டான். மனிதனுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

ஓட்டுக்குப் போனது. ஆறு பேர். ஆறும் எதிர்ப்பு.

காரணம் எழுத வேண்டும் என்பதும் என் விதிதான். சேகர், "ஒரு தரப்புக்கு வெளிப்படையான இழப்பு," என்று எழுதினான். முரளி, "தூரத்துல கீறவன ஏமாத்துனா பாவம்," என்று எழுதினான். மற்ற நால்வரும் "அதே" என்று எழுதினார்கள்.

முரளியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"அவன் ஆசைப்படறான்டா. ஒரு தடவை ஜெயிக்கட்டுமே!"

"ஜெயிக்கட்டும். யாரு வேணான்னா? நீ போட்ட பிச்சைல வேணாம்."

"நீங்க எனக்குப் போட்டது என்ன?"

"அது வேற," என்றான் முரளி. எப்படி வேறு என்று அரை மணி நேரம் கேட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இளங்கோவுக்கும் பேசினேன். "பரவால்ல வுடு மாமே," என்றான். ஆனால் அந்த ஒரு நிமிடச் சம்மதத்தை நினைத்து அவன் வெட்கப்படுவது தெரிந்தது. அவனை அப்படி வெட்கப்பட வைத்ததும் என் தாராளம்தான்.

வேண்டுமென்றே தோற்கலாமா என்றும் பார்த்தேன். நல்ல ஆட்டக்காரனை உட்கார வைத்தால், எங்கள் லீக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளே அவனை எழுப்பி அணியில் சேர்த்துவிடும். வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க நான்தான் அந்த ஏற்பாட்டை அதில் எழுதிச் சேர்த்தேன். சோதித்துப் பார்த்தேன். குற்றம் குறையில்லாமல் வேலை செய்கிறது. இதுவரை நான் பிழையில்லாமல் எழுதிய நிரல் அது ஒன்றுதான்.

8

மே மாதக் கடைசி ஞாயிறு. கடைசி ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். இளங்கோ என்னைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தான். தாத்தா கோல் போட்டு, தையல் முழங்காலோடு ஓடிப் போய் மூலைக்கொடியை உதைத்தார். குழுவில் இளங்கோவின் மகள், அப்பாவின் போனைப் பிடுங்கி, பதினாறு பட்டாசுப் படங்கள் போட்டாள். தண்ணி டேங்க் அதுவரை ஒன்றும் செய்யவில்லை. யாழினி தேர்வு முடிந்து வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக, என் ஆள் கோல் போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எழுந்து கை தட்டினேன். இன்னொரு தடவை கோல்கீப்பர் தடுத்தார். அவர் யார், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, வாழ்த்தினேன். முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. டேங்க் குதிக்கக்கூட இல்லை. பந்து அவன் தலையைத் தேடி வந்து பட்டு உள்ளே போனது. பிறகு சாவகாசமாக இன்னொன்றும் போட்டான்.

யாழினி, "சாரி அப்பா," என்றாள். ஜெயித்தவனிடம் சொல்லும் வார்த்தையா அது? ஆனால் சரியான வார்த்தை.

குழுவில் முரளி, "இன்னா நைனா, ஆறாவது தபாவா?" என்று எழுதினான்.  பத்து நிமிடம் கழித்து இளங்கோ கூப்பிட்டான்.

"ஜெயிச்சுட்ட மாமே."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பொண்ணு அழுதுச்சு. இப்ப சரியாயிடுச்சு. பிரியாணி வாங்கப் போறோம். இன்னா, லைன்ல கீறியா?"

இருக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"டேய், தோத்தவன் நானே பேசுறேன். நீ இன்னாத்துக்குடா பேச மாட்டேன்ற?"

அவன் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தான். பிறகு, குழந்தைக்கு மருந்து கொடுப்பவர்கள் பேசும் அந்தக் குரலில், மெதுவாகச் சொன்னான்.

"சரி, ஒரு மேட்டர் கேளு. என்னாண்ட ஒரு பையன் கீறான். பதினேழு வயசு. யாருக்கும் தெரியாது. அடுத்த வருசம் பாரு, பேயாட்டம் ஆடுவான். வேணும்னா சொல்லு, உனக்கே போட்டுடறேன்."

அது என்ன என்று எனக்குத் தெரியும். அவன் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான், யாழினியின் அட்டவணையில் அது எந்த வரிசையில் போய் உட்காரும் என்பதெல்லாம் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தக் கால்ல அடிப்பான்?" என்று கேட்டேன்.